ஒருநாள் விட்டு ஒருநாள்

வறட்சிக் காலத் தண்ணீர்க் கட்டுப்பாடு இரண்டு வகைப்படும். தண்ணீரை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று விதி போடுவது ஒரு வகை. 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் அதைச் செய்தது. வண்டி கழுவவும், செடிக்கு ஊற்றவும், கட்டட வேலைக்கும், அலங்கார நீரூற்றுக்கும் குடிநீரைத் தொடக் கூடாது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். விதியைப் பற்றிப் பேசாமல் குழாயில் வரும் தண்ணீரையே குறைத்துவிடுவது இன்னொரு வகை. சென்னைக்கு வாய்த்தது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். வடசென்னையின் வியாசர்பாடியில் காரைக் கழுவாதீர்கள் என்று யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. வால்வு திறக்கும் நேரம் சுருங்கியது, தினமும் வந்தது ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது, அதுவும் போய் லாரி வந்தது.

இதற்குக் காரணம் மீட்டர் இல்லாததுதான். 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீர் அகற்று வாரியம், அதாவது ஊரார் வாயில் மெட்ரோ வாட்டர், வீட்டு இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு நிலையான கட்டணமே வாங்குகிறது. எந்த வீடு எத்தனை லிட்டர் பிடித்தது என்ற கணக்கு அதனிடம் கிடையாது. கணக்கு இல்லாத இடத்தில் ஆளுக்கு இத்தனை லிட்டர் என்று உச்சவரம்பு வைக்க முடியாது. வைத்தாலும் மீறியவர் யார் என்று தெரியாது. கையில் மிஞ்சுவது தெருமுனையில் இரும்பு மூடிக்கு அடியில் இருக்கும் வால்வு மட்டுமே.

வால்வு எல்லார் வீட்டுக்கும் ஒரே நேரத்தைத்தான் கொடுக்கிறது. ஒரே அளவு தண்ணீரைக் கொடுப்பதில்லை. தரைக்கடியில் பெரிய சம்ப்பும் மாடியில் தொட்டியும் வைத்திருக்கும் வீடு, இரண்டு மணி நேரத்தில் மூன்று நாளுக்கானதைச் சேர்த்துக்கொள்ளும். பத்துக் குடமும் இரண்டு பக்கெட்டும் மட்டுமே உள்ள வீட்டில், அவை நிரம்பியதும் அந்த இரண்டு மணி நேரத்தின் பயன் முடிந்துவிடும். வறட்சிக் காலத்தில் நகரத்துக்குள் யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்ற கேள்விக்குப் பெரும்பகுதி விடை இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

சென்னையில் ஓடும் ஆறுகள் எதுவும் ஆண்டு முழுவதும் குடிக்கத் தண்ணீர் தருபவை அல்ல. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையை ஏரிகளில் பிடித்துவைத்து அடுத்த ஒன்பது மாதம் ஓட்ட வேண்டும். பூண்டி 3,231 மில்லியன் கனஅடி, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645 என நான்கு ஏரிகளின் கொள்ளளவும் சேர்ந்து 11,257 மில்லியன் கனஅடி. இதோடு, 1983 ஒப்பந்தப்படி ஆந்திரத்திலிருந்து கண்டலேறு கால்வாய் வழியாகப் பூண்டிக்கு வரும் கிருஷ்ணா நீர். ஆண்டுக்கு 12 டிஎம்சி வர வேண்டும் என்பது ஏட்டுக் கணக்கு. முதல் சொட்டு வந்ததே 1996இல்தான். அதன் பிறகும் 12 டிஎம்சி முழுதாக வந்து சேர்வது அரிது. கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் வரும் தண்ணீர் 2004 முதல் கைகொடுக்கிறது. ஆனால் பருவமழை பொய்த்தால் இவை எல்லாம் ஒரே ஆண்டில் சேர்ந்து குறைந்துவிடக் கூடும். ஒன்று போனால் இன்னொன்று என்று நிச்சயமாக நம்பியிருக்க முடியாத அமைப்பு இது.

2018இல் பருவமழை பொய்த்தது. வடகிழக்குப் பருவமழை சென்னையில் வழக்கத்தில் பாதியளவே பெய்தது. அதன் பின் ஏறக்குறைய இருநூறு நாட்களுக்கு நகரத்தில் சொல்லிக்கொள்ளும்படியான மழை இல்லை. 2019 ஜூனில் நான்கு ஏரிகளிலும் மீந்திருந்தது மொத்தக் கொள்ளளவில் ஒரு சதவீதம்கூட இல்லை. செம்பரம்பாக்கத்தில் மண் வெடித்துக் கிடந்த படங்கள் உலகப் பத்திரிகைகள் வரை போயின. நகரத்தின் அன்றைய தேவை நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர் என்பது வாரியத்தின் கணக்கு. கொடுக்க முடிந்தது 52.5 கோடி லிட்டர்.

இந்தக் குறைப்பு தெருவுக்கு வந்து சேர்ந்த விதம் வடசென்னையில் தனி. வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை போன்ற இடங்களில் குழாயில் வரும் தண்ணீர் மாடிக்கு ஏறுவது இருக்கட்டும், முற்றத்துக் குழாய்க்கே ஏறாது. அழுத்தம் அவ்வளவு குறைவு. அதனால் தரைக்கடியில் வரும் வீட்டுக் குழாயில் அடிபம்பைப் பொருத்திக்கொள்வது பல பத்தாண்டுப் பழக்கம். வெளியூர்க்காரர் பார்த்தால் ஆழ்துளைக் கிணற்றுப் பம்பு என்றுதான் நினைப்பார். அது நிலத்தடி நீரை இறைப்பதில்லை. ஏரியிலிருந்து சுத்திகரித்து அனுப்பிய மெட்ரோ வாட்டரைத்தான் கையால் அடித்து மேலே கொண்டுவருகிறது. தண்ணீர் வரும் நாளில் ஒரு ஆள் வீட்டில் இருந்தாக வேண்டும். விடியற்காலையில் வருமா நள்ளிரவில் வருமா என்பது உறுதியில்லை. கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டில் அந்த ஆள் பெரும்பாலும் பெண்ணாகவோ பள்ளிக்கூடப் பிள்ளையாகவோ இருக்கும்.

குழாய் வறண்ட தெருக்களுக்கு லாரி. வாரியத்தின் ஒப்பந்த லாரிகள் தெருவில் வைத்திருக்கும் கருப்பு சின்டெக்ஸ் தொட்டியை நிரப்பிவிட்டுப் போகும். சில இடங்களில் லாரியிலிருந்தே குழாய் போட்டுக் குடத்தில் பிடிப்பார்கள். 2019 கோடையில் நகரம் முழுவதும் நாளொன்றுக்கு ஒன்பதாயிரம் நடைக்கு மேல் லாரிகள் ஓடின. இந்தத் தண்ணீருக்குக் காசு இல்லை. வேறு கணக்கு உண்டு. ஒரு குடம் ஏறக்குறைய 15 லிட்டர் பிடிக்கும். 9,000 லிட்டர் லாரி ஒன்று 600 குடம். ஒரு தெருவில் நூறு வீடு இருந்தால் வீட்டுக்கு ஆறு குடம், 90 லிட்டர். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் ஆளுக்கு 18 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், அதாவது ஒன்பது குடம் தர வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டு அளவு. ஒரு ஆளுக்குரிய அந்த ஒன்பது குடத்தைவிடக் குறைவாக ஒரு வீடே வைத்து ஓட்ட வேண்டியிருந்தால், அங்கே சிக்கனம் பற்றிப் பேச எதுவும் மிச்சமில்லை.

குடத்தை வரிசையில் வைத்தால் அது ஆளுக்குச் சமம் என்பது வடசென்னைத் தெருக்களின் எழுதாத சட்டம். லாரி வருவதற்கு மணிக்கணக்கில் முன்பே பச்சை, நீலம், ஆரஞ்சு பிளாஸ்டிக் குடங்கள் இடம்பிடித்து நிற்கும். வீட்டுக்கு இத்தனை குடம் என்று தெருவே முடிவு செய்துகொள்வதும், டோக்கன் கொடுத்து ஒழுங்குபடுத்துவதும் உண்டு. அரசு எழுதாத பங்கீட்டு விதிகள் இப்படித் தெருவில் எழுதப்பட்டன என்றே சொல்லலாம். சண்டையும் வந்தது, சமாதானமும் ஆனது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில், குறிப்பாகக் குடிசை மாற்று வாரியம் கட்டிய பழைய வீடுகளில், பிடித்த குடத்தை மூன்றாம் மாடிக்கு இடுப்பில் சுமக்க வேண்டும். முதியவரும் கர்ப்பிணியும் இருக்கும் வீட்டில் பங்கு எத்தனை குடம் என்பதைவிட, எத்தனை குடம் மேலே போய்ச் சேர்கிறது என்பதுதான் உண்மையான அளவு.

காசு கொடுத்து லாரி முன்பதிவு செய்யும் வசதியும் வாரியத்தில் இருக்கிறது. 2019இல் பதிவு செய்து வாரக்கணக்கில் காத்திருந்தவர்கள் ஏராளம். காத்திருக்க முடியாதவர்கள் தனியார் லாரியை நாடினார்கள். அதன் விலை வாரிய விலையைப்போலப் பல மடங்கு. சம்ப் இல்லாத வீட்டுக்கு இந்த வழியும் அடைபட்டதுதான். லாரித் தண்ணீரை ஊற்றிவைக்க இடம் வேண்டுமே.

வால்வுக் கட்டுப்பாட்டைக் கெடுக்கும் முதல் எதிரி மோட்டார். குழாயில் நேரடியாக மின்மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சினால், அந்த ஒரு வீடு தெருவின் பங்கையே இழுத்துக்கொள்ளும். கடைக்கோடி வீடுகளின் அடிபம்பில் வெறும் காற்று வரும். இது விதிமீறல், கண்டுபிடித்தால் மோட்டாரைப் பறிமுதல் செய்து இணைப்பைத் துண்டிக்க வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. ஒவ்வொரு வறட்சியிலும் எச்சரிக்கையும் சோதனையும் நடக்கின்றன. ஆனால் பக்கத்து வீட்டில் மோட்டார் ஓடும்போது தான் மட்டும் விதியை மதித்தால் தண்ணீர் வராது என்று தெரிந்தவர், நாளைக்குத் தானும் ஒன்று வாங்குவார். நேரத்தைப் பங்கிடும் முறைக்கு உள்ளேயே இந்த ஓட்டப்பந்தயம் இருக்கிறது.

மோட்டாரால் இன்னொரு கேடும் உண்டு. குழாயில் தண்ணீர் அழுத்தத்தோடு நிறைந்திருக்கும்வரை, விரிசல் இருந்தால் தண்ணீர் வெளியேதான் கசியும். குழாய் காலியாக இருக்கும்போதோ மோட்டாரால் உறிஞ்சப்படும்போதோ அழுத்தம் தலைகீழாகி, வெளியே தேங்கியிருப்பது உள்ளே போகும். வடசென்னையில் குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் குறுகிய சந்துகளில் அருகருகே கிடக்கின்றன. பல குழாய்கள் மிகப் பழையவை. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விடும் முறையில் குழாய் நிரம்பியிருக்கும் நேரத்தைவிடக் காலியாக இருக்கும் நேரம் அதிகம். வால்வு திறந்ததும் முதல் சில குடங்கள் கலங்கலாகவும் நாற்றத்தோடும் வருவதற்குக் காரணம் இதுதான். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டுப் பிறகு பிடிப்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த முறை. தெளிந்து வந்தாலும் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும் என்பது சுகாதாரத் துறையின் அறிவுரை. பற்றாக்குறை நாளில் கொட்டுவதற்கு ஒரு குடம், கொதிக்கவைக்க எரிவாயு என்று இரண்டு செலவும் குறைந்த தண்ணீர் கிடைக்கும் வீட்டின் தலையில்தான் விழுகின்றன.

நிலத்தடி நீர் இருந்தால் இவ்வளவு நெருக்கடி இருக்காது. தென்சென்னையில் குழாய் நின்றபோது பல வீடுகள் போர்த் தண்ணீரில் ஓட்டின. வடசென்னையில் அந்த வாய்ப்பு குறுகல். நகரத்துக்கு வடக்கே ஆரணியாறு, கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் நல்ல நீர் இருப்பதை 1960களின் இறுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியுடன் நடந்த ஆய்வு காட்டியது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று கிணற்றுத் தொகுதிகள் அமைத்து மணலித் தொழிற்சாலைகளுக்கும் நகரத்துக்கும் இறைத்தார்கள். ஊறியதைவிட இறைத்தது அதிகமானதும் கடல்நீர் நிலத்தடியில் உள்நோக்கி நகர்ந்தது. மீஞ்சூர்ப் பகுதியில் அது பல கிலோமீட்டர் தூரம் ஏறியது. கடற்கரைக் கிணறுகள் உப்பாயின. 1987இல் வந்த சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் புதுக் கிணறு தோண்டவும், நீரை லாரியில் ஏற்றிச் செல்லவும் அனுமதி வேண்டும் என்றது. உப்பு ஏறிய பிறகு வந்த சட்டம் அது. தண்டையார்பேட்டையில் 2013இல் ஆழ்துளைக் கிணற்று நீரில் எரிபொருள் கலந்து வந்தது வேறு கதை. வியாசர்பாடியைச் சுற்றி பக்கிங்காம் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய், ஓட்டேரி நல்லா என்று நீர்வழிகளுக்குக் குறைவில்லை, ஓடுவது கழிவுநீர். மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கி வழி அடைபடும் அதே ஊர், அடுத்த மே மாதம் குடத்தோடு நிற்கும்.

தொழிற்பேட்டைகளின் கதை வேறு திசையில் போயிற்று, அது சொல்லத்தக்கது. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கும் உர ஆலைக்கும் குளிர்விக்கவும் நீராவிக்கும் ஏராளமான தண்ணீர் வேண்டும். வறட்சி வந்தால் நல்ல தண்ணீர் தங்களுக்குக் கிடைக்காது என்று கண்ட அந்த ஆலைகள், 1990களின் தொடக்கத்திலேயே கொடுங்கையூர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து கழிவுநீரை வாங்கி, தங்கள் இடத்தில் மீண்டும் சுத்தம் செய்து பயன்படுத்தத் தொடங்கின. இந்தியாவில் இந்த முறைக்கு முன்னோடிகளில் இவையும் சேரும். எண்ணெய் ஆலை பின்னர்க் கடல்நீரை நன்னீராக்கும் சொந்த நிலையத்தையும் அமைத்துக்கொண்டது. 2019இல் கொடுங்கையூரிலேயே நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் வடிகட்டித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையம் வாரியத்தின் பொறுப்பில் வந்தது. கோயம்பேட்டில் அதே அளவில் இன்னொன்று. வியாசர்பாடியின் அடுத்த ஊரான கொடுங்கையூரில் வடசென்னை வீடுகளின் சாக்கடை நீர் இப்படித் தொழிற்சாலைக்குப் போவதால், அந்த அளவு ஏரித் தண்ணீர் குடிப்பதற்கு மிஞ்சுகிறது. 2019 முதல் வந்த திட்டங்களில் உருப்படியானது என்று சொல்லத் தயங்க வேண்டாத ஒன்று இது.

வறட்சியின் உச்சத்தில் அரசு தேடிப்பிடித்த அவசர வழிகளில் பெயர் வாங்கியது ரயில் தண்ணீர். 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது டேங்க் வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரி நீர் வில்லிவாக்கம் வந்து, கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்துக்குப் போனது. வாழைமரமும் மாலையும் கட்டி வரவேற்றார்கள். திட்டத்துக்கு ஒதுக்கியது 65 கோடி ரூபாய். அன்றைய பற்றாக்குறை நாளொன்றுக்கு 30 கோடி லிட்டர். ஒரு நாளைக்கு நான்கு ரயில் வந்தாலும் ஒரு கோடி லிட்டர்தான். மழை பெய்ததும் அக்டோபரில் ரயில் நின்றது. பரபரப்பு இல்லாமல் அதிகம் கொடுத்தவை வேறு: மாங்காடு அருகே சிக்கராயபுரம் கல்குவாரிக் குட்டைகள், நெய்வேலிப் பகுதி நிலத்தடி நீர், திருவள்ளூர் மாவட்ட விவசாயிகளின் கிணறுகள். இந்தக் கிணறுகளை வாரியம் வாடகைக்கு எடுத்துத் தண்ணீருக்கு விலை கொடுக்கும். நெல் வைப்பதைவிடத் தண்ணீர் விற்பது லாபம் என்று ஆனபோது, கிணறு இல்லாத பக்கத்து நிலத்துக்காரரும் விவசாயக் கூலியும் என்ன ஆனார்கள் என்ற கேள்வி நகரத்துக் கணக்கில் வருவதில்லை.

2019ஐ வரலாறு காணாத வறட்சி என்று எழுதினார்கள். வியாசர்பாடியில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அது அப்படித் தோன்றியிருக்காது. 2003, 2004இல் ஏரிகள் வற்றி, நகரத்துக் குழாய் வழங்கல் ஏறக்குறைய ஓராண்டுக்கு நின்றே போனது. லாரியும் தெருத்தொட்டியும் மட்டுமே நகரத்தைத் தாங்கின. எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய 2003 சட்டமும், வீராணம் குழாயும் அந்த நெருக்கடியில் நிறைவேறியவை. மழைநீர் சேகரிப்பால் நகரத்தின் பல பகுதிகளில் கிணற்று நீர்மட்டம் ஏறியது உண்மை. பத்துக்குப் பத்தடி வீடுகள் ஒட்டிக் கிடக்கும் சந்தில், கூரையும் மண்ணும் இல்லாதவருக்கு அந்தச் சட்டத்தால் பெரிய பயன் இல்லை.

வேறு ஊர்கள் இதே நெருக்கடியை எப்படிச் சமாளித்தன என்பதற்குக் கேப்டவுன் நல்ல எடுத்துக்காட்டு. 2018 பிப்ரவரி முதல் அங்கே ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று உச்சவரம்பு. மீட்டர் காட்டியது, மீறிய வீட்டுக்கு ஓட்டத்தைக் குறைக்கும் கருவியைப் பொருத்தினார்கள், கட்டணத்தை ஏற்றினார்கள். நீச்சல் குளமும் புல்வெளியும் வைத்திருந்தவர்கள்தான் அதிகம் குறைக்க வேண்டியிருந்தது. நகரத்தின் பயன்பாடு சில ஆண்டுகளில் பாதியானது. அங்கும் குறையில்லாமல் இல்லை: ஒரே முகவரியில் பலர் வாழும் ஏழை வீடுகள் எண்ணிக்கைக் குழப்பத்தில் சிக்கின. ஆனாலும் அதிகம் எடுப்பவரிடமிருந்து அதிகம் குறைப்பது என்ற கொள்கைக்கு அங்கே ஒரு கருவி இருந்தது. சென்னையில் மீட்டர் பொருத்தும் பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது; வணிக இணைப்புகள், பெரிய குடியிருப்புகள் என்று மெல்ல நகர்கிறது. அடிபம்பில் மீட்டர் வைத்து என்ன பயன் என்று வடசென்னைக்காரர் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. நாள் முழுவதும் அழுத்தத்தோடு தண்ணீர் வரும் குழாய்க்குத்தான் மீட்டர் பொருந்தும்.

2019க்குப் பிறகு சென்னை கடலை அதிகம் நம்புகிறது. காட்டுப்பள்ளியில் 2010இல் வந்த மீஞ்சூர் நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், நெம்மேலியில் 2013இல் வந்தது 10 கோடி, அதன் பக்கத்தில் 2024 பிப்ரவரியில் திறந்தது 15 கோடி. பேரூரில் 40 கோடி லிட்டர் நிலையத்துக்கு 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டது. தேர்வாய் கண்டிகையில் 500 மில்லியன் கனஅடிக்குப் புது ஏரியும் 2020 முதல் இருக்கிறது. நகரத்துக்கு நாளொன்றுக்கு அனுப்பும் அளவு நூறு கோடி லிட்டரைத் தாண்டிவிட்டது.

வடசென்னைக்கு இவற்றில் முக்கியமானது மீஞ்சூர் நிலையம். மழை பொய்த்தாலும் கடல் வற்றாது என்பது அதன் பலம். மின்சாரமும் சவ்வுகளும் ஓடியாக வேண்டும் என்பது அதன் பலவீனம். அங்கே பராமரிப்பு வேலை என்றால் வாரியம் அறிக்கை விடும். மாதவரம், மணலி, திருவொற்றியூர், எர்ணாவூர், கத்திவாக்கம், பட்டேல் நகர், வியாசர்பாடி என்று பெயர்கள் வரும். தேவையான தண்ணீரை முன்கூட்டியே சேமித்துக்கொள்ளுங்கள், அவசரத்துக்கு லாரி பதிவு செய்துகொள்ளுங்கள் என்று அதில் இருக்கும். ஏரிகள் நிரம்பி வழியும் ஆண்டிலும் இந்த அறிக்கை வரலாம். சேமித்துவைக்கச் சம்ப் இருக்கும் வீடுகள் முந்தின நாளே நிரப்பிக்கொள்ளும். மற்ற வீடுகள் குடங்களை நிரப்பும்.